ரேம் மேல் பழி போடும் முன்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

“ரேம் போயிடுச்சு சார்” என்று என்னிடம் வரும் மெஷின்களில் பெரும்பாலானவற்றில் ரேம் போயிருப்பதில்லை. வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டர் வேலைகளுக்குப் பெரிய மெஷின்களை அசெம்பிள் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. 64 ஜிபி, 128 ஜிபி ரேம், இருப்பதிலேயே பெரிய ப்ராசஸர் என்று லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய மெஷின், மூன்று மணி நேர ரெண்டரின் கடைசிப் பத்து நிமிடத்தில் நீலத் திரையைக் காட்டினால் யாருக்கும் வயிறு எரியும். புது ரேம் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். 2025 இறுதியிலிருந்து டிடிஆர்5 (இப்போதைய தலைமுறை ரேம்) விலை ஏறிய ஏற்றத்துக்கு, அது சும்மா போய் வாங்கிவரும் சாமானும் இல்லை.

பெரும்பாலும் சிப் நன்றாகத்தான் இருக்கும். நாம் ஓடச் சொன்ன வேகம்தான் போர்டுக்கோ ப்ராசஸருக்கோ தாங்கியிருக்காது. ரேம் பெட்டியில் வேகம் 6000 (நொடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றம்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் ஸ்டிக்கை, அதாவது ரேம் பட்டையை, செருகிப் பவர் போட்டால் அது 4800-இலோ 5600-இலோதான் ஓடும். அது ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த வேகம். டிடிஆர்5 தரத்தை அவர்கள் 2020 ஜூலையில் வெளியிட்டார்கள். அதன்படி மின்னழுத்தம் 1.1 வோல்ட். பெட்டியில் போட்ட 6000 கிடைக்க வேண்டுமானால் பயாஸுக்குள் (விண்டோஸ் வருமுன் ஓடும் போர்டின் அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பி (இன்டெல்) அல்லது எக்ஸ்போ (ஏஎம்டி) என்ற, ரேம் கம்பெனி எழுதி வைத்த வேக ப்ரொஃபைலை ஆன் செய்ய வேண்டும். வோல்டேஜ் 1.35, 1.4 என்று ஏறிவிடும். என்ன பெயர் வைத்தாலும் அது ஓவர்கிளாக்தான், தர வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான். ரேம் கம்பெனி தன் ஸ்டிக்குக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் ப்ராசஸருக்குள் இருந்து ரேமை ஓட்டும் மெமரி கன்ட்ரோலருக்கு அவர்கள் எப்படி வாக்குக் கொடுக்க முடியும்?

ப்ராசஸர் கம்பெனி தன் பங்குக்குச் சொல்லும் எண்ணே வேறு. ரைசன் 7000 ப்ராசஸர் வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு ஸ்டிக் போட்டால் 3600. ரைசன் 9000-இல் இரண்டுக்கு 5600 ஆயிற்று, நான்குக்கு அதே 3600. கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

முதலில் இதைச் செய்யுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் சரி, பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்துவிடுங்கள். ப்ராசஸர் வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட், கர்வ் ஆப்டிமைசர் போன்றவற்றில் கை வைத்திருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அதற்கு முன் இப்போதிருக்கும் பயாஸ் பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். இரண்டு நாள் கழித்து எது என்ன எண்ணில் இருந்தது என்று ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. பிறகு இரண்டு நாள் வழக்கமான வேலையைப் பாருங்கள்.

பிரச்சினை நின்றுவிட்டதா? அப்படியானால் ரேம் கெடவில்லை, செட்டிங்தான் தாங்கவில்லை. நிற்கவில்லையா? அப்போது ஸ்டிக், ஸ்லாட், ப்ராசஸர் என்று தேட வேண்டும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள், வாங்காதீர்கள்.

பலர் இங்கே ஒரு தப்புச் செய்கிறார்கள். மெஷின் ஆட்டம் காணும்போதே “எதுக்கும் பேக்கப் எடுத்துடுவோம்” என்று டெராபைட் கணக்கில் காப்பி போடுவார்கள். காப்பி ஆகும் ஒவ்வொரு பைட்டும் அதே ரேம் வழியாகத்தான் போகிறது. எக்ஸ்போவை அணைத்து, மெஷின் நிதானமானதும் பேக்கப் எடுங்கள். அதுவரை விண்டோஸ் அப்டேட்டும் வேண்டாம்.

அறிகுறி: ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

போர்டில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கும்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். ரேமைக் குறிக்கும் டிராம் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பயப்படாதீர்கள். புது மெஷின், புது ரேம், அல்லது பயாஸ் அப்டேட் செய்த கையோடு என்றால் இது நோயே இல்லை. மெமரி டிரெயினிங் நடக்கிறது.

டிரெயினிங் என்றால் கச்சேரிக்கு முன் சுதி சேர்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸருக்கும் ஸ்டிக்குக்கும் நடுவே ஓடும் ஒவ்வொரு கம்பியிலும் சிக்னல் எந்த நொடித்துணுக்கில் வந்து சேர்கிறது, எந்த வோல்டேஜில் 0, எந்த வோல்டேஜில் 1 என்று படிப்பது என்பதை மெஷின் தானே தட்டித் தட்டிப் பார்த்து முடிவு செய்கிறது. டிடிஆர்5 வேகத்தில் இது லேசான வேலையில்லை. ரைசன் 7000, 9000 உட்காரும் ஏஎம்5 சாக்கெட் போர்டில் 128 ஜிபி போட்டு முதல்முறை ஆன் செய்தால் பத்து நிமிடம்கூட இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். நடுவில் தானாக ஒன்றிரண்டு முறை அணைந்து எரியும். பொறுமையில்லாமல் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒருவர் இப்படியே அரை நாள் அணைத்து அணைத்துப் போட்டுவிட்டு, போர்டு செத்துவிட்டது என்று கேபினெட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆன் செய்துவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது பயாஸ் திரை எங்களுக்காகக் காத்திருந்தது.

இருபது நிமிடம் ஆகியும் அசையவில்லை என்றால் மெயின் பவரைத் துண்டித்துவிட்டுக் கையை வையுங்கள். இரண்டு ஸ்டிக் போட்டிருந்தால் அவை ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருப்பார்கள். அழகுக்காகப் பக்கத்துப் பக்கத்தில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டிக் இரண்டு முனையிலும் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். இப்போது பல போர்டுகளில் ஒரு முனையில்தான் கிளிப் இருக்கிறது. கிளிப் இல்லாத முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலால் அந்த முனையைத் தனியாக அழுத்துங்கள்.

அப்புறம் சிமாஸ் க்ளியர், அதாவது பயாஸ் செட்டிங்குகளை அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது. பிறகு ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் ஏ2-வில் போட்டுப் பாருங்கள். 48 ஜிபி, 64 ஜிபி ஸ்டிக்குகளைப் பழைய பயாஸ் அடையாளம் காணாமல் போகலாம். பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் திரை வராமலே பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றிவிடலாம்.

ஏஎம்டியின் பெரிய வொர்க்ஸ்டேஷன் ப்ராசஸரான த்ரெட்ரிப்பரில் மெஷின் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023-இல் வந்த த்ரெட்ரிப்பர் 7000 முதல் ஆர்டிம் எனப்படும் ரெஜிஸ்டர்டு ரேம்தான் வேண்டும். சாதாரண டெஸ்க்டாப் ரேம் 5 வோல்ட் வாங்கும், ஆர்டிம் 12 வோல்ட் வாங்கும். வெட்டுப்பள்ளமும் இடம் மாறியிருக்கும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

அறிகுறி: போட்டது ஒன்று, காட்டுவது ஒன்று

128 போட்டேன், 64 காட்டுகிறது என்றால் முதலில் பயாஸில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பயாஸில் 128 இருந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால் ரேமில் கை வைக்கவே வேண்டாம். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் அமைப்பில் ‘மேக்சிமம் மெமரி’ டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். நான்கு 48 ஜிபி போட்டு 192 எதிர்பார்த்து 128 வந்தால், உங்களிடம் இருப்பது விண்டோஸ் ஹோம். அதன் வரம்பே 128 ஜிபிதான், ப்ரோ வேண்டும்.

பயாஸிலேயே ஒரு பக்கத்து ஸ்டிக் தெரியவில்லை என்றால் ரேமை மாற்றி மாற்றிப் போட்டு நாளைக் கழிக்காதீர்கள். ஒரு சேனலே (ப்ராசஸரிலிருந்து ஸ்டிக்குகளுக்குப் போகும் இரண்டு பாதைகளில் ஒன்று) செத்திருந்தால் சந்தேகம் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் மேல்தான் போக வேண்டும். இன்டெலிலும் சரி, ஏஎம்5-லும் சரி, பின்கள் போர்டில் இருக்கின்றன. ஒரு பின் வளைந்தாலும், தெர்மல் பேஸ்ட் ஒரு துளி ஒழுகினாலும் அந்தச் சேனல் காணாமல் போகும். கூலர் ஸ்க்ரூவை ஒரு மூலையில் மட்டும் முறுக்கித் தள்ளினாலும் இதே கதைதான். கூலரைக் கழற்றி, ஸ்க்ரூக்களைக் குறுக்கு வாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக, நான்கும் ஒரே அளவாக இறுக்கிப் பாருங்கள். காணாமல் போன 64 ஜிபி இப்படித் திரும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். பின்களை டார்ச் அடித்து, மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். வரிசையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னும்.

அறிகுறி: எக்ஸ்போ போட்டால் நீலத் திரை, எடுத்தால் ஒன்றுமில்லை

அதிகம் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீலத் திரையில் வரும் பெயர் ஒவ்வொரு முறையும் மாறுகிறதா என்று கவனியுங்கள். இன்று மெமரி மேனேஜ்மென்ட், நாளை பேஜ் ஃபால்ட், மறுநாள் ஐஆர்க்யூஎல், நடுவில் ஏதோ ஒரு டிரைவர் பெயர் என்று வந்தால் ரேம் நிலையற்றதாக இருக்க வாய்ப்பு அதிகம். தினமும் ஒரே டிரைவர் பெயர் வந்தால் அந்த டிரைவரைப் பாருங்கள். விண்டோஸ் பிழைகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் வியா-லாகர் 18 என்ற பதிவு, கேஷ் ஹயரார்க்கி எரர் என்ற வரியோடு, அதே கோர் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ப்ராசஸர் கோர் பக்கம் திரும்புங்கள். அதே இடத்தில் கெர்னல்-பவர் 41 பார்த்து யாரும் மிரள வேண்டாம். மெஷின் ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அதில் ஒரு சேதியும் இல்லை.

வீடியோவின் நிறத்தைத் திருத்தும் ஒரு கலரிஸ்டின் மெஷினைச் சொல்கிறேன். ரைசன் 9 7950எக்ஸ். முதலில் இரண்டு 32 ஜிபி ஸ்டிக், 6000-இல், ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு வேலை கூடியது. அதே மாடல், அதே எண்ணுள்ள இன்னொரு ஜோடியைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கித் தானே செருகிவிட்டார். விண்டோஸ் 128 காட்டியது, சந்தோஷம். அன்று இரவே எக்ஸ்போர்ட் நடுவில் விழுந்தது. சாஃப்ட்வேரை அழித்துப் போட்டார், கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றினார், விண்டோஸையே புதிதாகப் போட்டார். என்னிடம் வந்தபோது பத்து நாள் வேலை பாழ்.

ஸ்டிக்கின் தகவல்களைப் படித்துப் பார்த்தால் இரண்டு ஜோடிக்கும் உள்ளே சிப் செய்த கம்பெனி வேறு வேறு. மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் மாறலாம், யாரும் ஏமாற்றவில்லை. ஒரு கிட் என்று சேர்த்து விற்கும் ஸ்டிக்குகளைத்தான் சேர்த்துச் சோதித்திருப்பார்கள். இரண்டு தனித்தனிக் கிட்டைச் சேர்த்தால் அந்த ஜாதகப் பொருத்தத்தை யாரும் பார்த்ததில்லை. சிப் ஒன்றாகவே இருந்தாலும் நான்கு ஸ்டிக் போட்டால் ஒவ்வொரு சேனலிலும் கன்ட்ரோலர் இரட்டைச் சுமை இழுக்கிறது, கம்பியின் நடுவே கிளை விழுந்து சிக்னல் எதிரொலிக்கிறது. ஏஎம்டி 3600 என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எக்ஸ்போவை அணைத்தேன். போர்டு தானாக 3600-க்கு இறங்கியது, மெஷின் அமைதியானது. பிறகு கையால் ஒவ்வொரு படியாக ஏற்றினேன். 4800-இல் ஓர் இரவு முழுக்கச் சோதனை, பிழை பூஜ்யம். 5200-இல் நாற்பதாவது நிமிடம் முதல் பிழை. 4800-இலேயே விட்டுவிட்டேன். “6000 போட்டுக் காசு கொடுத்தேனே” என்று அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அவருடைய டைம்லைனை இரண்டு வேகத்திலும் எக்ஸ்போர்ட் செய்து நேரத்தைக் காட்டியபின் அதைப் பற்றிப் பேசவில்லை.

உங்கள் மெஷினில் இரண்டே ஸ்டிக்தான், அப்படியும் 6000 தாங்கவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள். புது பயாஸ் போடுங்கள். ஏஎம்5-இல் மெமரி விஷயத்தில் பயாஸ் நிறையத் தேறியிருக்கிறது. அப்புறம் வேகத்தை ஒரு படி இறக்குங்கள்: 6400 என்றால் 6000, 6000 என்றால் 5600. டைமிங்கைத் தொடாதீர்கள். கியர் டவுன் மோட் அணைந்திருந்தால் ஆன் செய்யுங்கள். மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். நிலையில்லை என்றதும் அதை ஏற்றச் சொல்லிப் பல இடங்களில் அறிவுரை கிடைக்கும். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சாக்கெட்டோடு கருகியதற்கு அந்த வோல்டேஜ்தான் காரணமாயிற்று. பிறகு ஏஎம்டி 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி பயாஸிலேயே பூட்டுப் போட்டது. 1.25 தாண்டி ஏற்றினால்தான் 6400 நிற்கும் என்றால் எனக்கு அந்த 6400 வேண்டாம். ஏஎம்5-க்கு 6000 போதும் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் நான்கு ஸ்டிக் ஆசையை விடுங்கள். இரண்டு 48 போட்டால் 96, இரண்டு 64 போட்டால் 128. ஸ்லாட் காலியாக இருப்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

அறிகுறி: ஒரு நாள் சரி, ஒரு நாள் தகராறு

நேற்று பன்னிரண்டு மணி நேரம் ஓடியது, இன்று காலை ஆன் செய்ததிலிருந்து சரியில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. பேய் பிடித்த மாதிரி தோன்றும். முன்னே சொன்ன சுதி விஷயத்துக்கு மறுபடி வாருங்கள். ஒவ்வொரு டிரெயினிங்கும் மிகச்சரியாக அதே எண்ணில் வந்து நிற்பதில்லை. விளிம்பில் ஓடும் மெஷினுக்கு ஒரு நாள் நல்ல சுதி அமையும், மறுநாள் கொஞ்சம் தப்பும்.

ஏஎம்5-இல் இன்னொரு சங்கதி உண்டு. பூட் ஆக ரொம்ப நேரம் எடுக்கிறது என்ற புகாருக்கு மருந்தாக மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற வசதி வந்தது. அதை ஆன் செய்தால் ஒவ்வொரு முறையும் டிரெயினிங் நடக்காது. நேற்றுச் சேர்த்த சுதியோடு இன்று அப்படியே பாட உட்காரும். பூட் சட்டென்று ஆகிவிடும். ஆனால் அதை ஆன் செய்துவிட்டுப் பவர் டவுன் எனேபிள் என்ற செட்டிங்கை அணைத்து வைத்தால் பல மெஷின்கள் ஆட்டம் காண்கின்றன. கேமிங் வேகத்துக்காக இதை அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். ஒன்று, இரண்டையும் ஆன் செய்து வையுங்கள். இல்லை, கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை அணைத்துவிட்டு பூட் ஆகும் நேரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வேலை செய்யும் மெஷினுக்கு இரண்டாவதுதான் என் பழக்கம்.

ஸ்லீப்பிலிருந்து எழும்போது மட்டும் விழுந்தாலும் இங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். சரிசெய்துவிட்டோம் என்று நினைத்தபின் மெஷினை முழுதாக அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிப் போட்டு, மூன்று நான்கு நாள் காலைகளில் சோதித்துப் பார்த்தால்தான் நம்பலாம்.

அறிகுறி: சோதனையில் பாஸ், வேலையில் ஃபெயில்

“மெம்டெஸ்ட் நாலு சுற்றும் பாஸ், ரேம் ஓகே” என்பது பாதி உண்மைதான். மெம்டெஸ்ட்86, ஓப்பன் சோர்ஸான மெம்டெஸ்ட்86 ப்ளஸ் இரண்டும் விண்டோஸ் இல்லாமல் பென்டிரைவிலிருந்து ஓடுபவை. செத்த சிப்பைப் பிடிப்பதில் கெட்டி. எந்த முகவரியில் தப்பு என்று சொல்லிவிடும். ஆனால் மெஷின் சூடாகாமல், ப்ராசஸர் திணறாமல் நிதானமாக ஓடும் சோதனை அது. ஓவர்கிளாக் விளிம்பில் வரும் தப்பு அதில் தெரியாமலே போகும். அதற்கு விண்டோஸுக்குள் ஓடும் டெஸ்ட்மெம்5, கார்ஹு, ஓசிசிடி போன்றவை வேண்டும். கன்ட்ரோலரை உலுக்க வேண்டுமானால் ஒய்-க்ரஞ்சரில் விடி3 சோதனை, அல்லது ப்ரைம்95-இல் லார்ஜ் எஃப்எஃப்டி. லினக்ஸ்காரர்களுக்கு ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் பாஸ் சொன்னால் அதற்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. எதிலும் ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான். ஒரு இரவில் ஒரே ஒரு பிழைதானே என்று விடாதீர்கள். விதிவிலக்கு ஒன்று: மெம்டெஸ்ட்86-இல் கடைசியாக வரும் ஹேமர் சோதனையில் மட்டும் பிழை வந்தால், அன்றாட வேலையில் அது தொந்தரவு தராமல் போகலாம்.

எல்லாம் பாஸ், ஆனாலும் ரெண்டர் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் விழுகிறதா? சூட்டைப் பாருங்கள். ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஓட்டைப் பானையில் பிடித்து வைத்த தண்ணீர். ஒழுகிக் கொண்டே இருக்கும், வற்றுவதற்குள் மறுபடி ஊற்ற வேண்டும். இதுதான் ரிஃப்ரெஷ். சூடு ஏறினால் ஓட்டை பெரிதாகும். டிடிஆர்5-இல் வழக்கமாக 3.9 மைக்ரோ நொடிக்கு ஒரு ரிஃப்ரெஷ். 6000 வேகத்தில் கணக்குப் போட்டால் டிரெஃபி என்ற அந்த எண் ஏறத்தாழ 11,700 வரும். வேகம் கூடும் என்று அதை 65,535-க்கு ஏற்றி வைத்திருந்தால், ஐந்து மடங்குக்கும் மேல் நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். டிசம்பரில் தாங்கும். மே மாதம் சென்னையில், ஏசி இல்லாத அறையில், கீழே 400 வாட் இழுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு அனலை நேராக ரேம் மேல் ஊதும்போது தாங்காது. தனியாக ரேம் சோதனை ஓட்டும்போது கிராஃபிக்ஸ் கார்டு தூங்கிக்கொண்டிருக்கும் என்பதால் பிழை வராது.

டிடிஆர்5 ஸ்டிக்கிலேயே வெப்பநிலை சென்சார் இருக்கிறது, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் பார்க்கலாம். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஒரு சுமை கொடுத்துக்கொண்டே ரேம் சோதனையை ஓட்டுங்கள். பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை ரேம் பக்கம் திருப்பினால் பிழை நிற்கிறதென்றால் விஷயம் தெரிந்துவிட்டது. டிரெஃபியை ஆட்டோவுக்குக் கொண்டுவாருங்கள், ரேம் மேல் காற்றுப் படுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள்.

சூடும் இல்லை என்றால், உங்களிடம் இருப்பது இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை பெரிய ப்ராசஸரா? கேம் திறந்து ஷேடர் தயாராகும்போதே ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று வந்து மூடுகிறதா? பெரிய ஜிப் பிரிக்கும்போது பிழையா? பெயரில் மெமரி இருந்தாலும் குற்றவாளி ரேமும் இல்லை, கிராஃபிக்ஸ் கார்டும் இல்லை. ப்ராசஸரே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுத் தன்னைத் தேய்த்துக்கொண்டதை இன்டெல் 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்திய மைக்ரோகோட் வந்தது. வாரன்டியை இரண்டு ஆண்டு கூட்டினார்கள். பயாஸ் அப்டேட் இனி தேயாமல் காக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. அப்படிப்பட்ட சிப்போடு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றக் கேளுங்கள்.

அறிகுறி: விழவே இல்லை, ஆனால் ஃபைல் கெடுகிறது

எனக்கு உண்மையில் பயம் இதில்தான். நீலத் திரை காட்டும் மெஷின் குறைந்தபட்சம் சொல்லிவிட்டு விழுகிறது. இது சத்தமில்லாமல் பொய் எழுதும். ஏழெட்டு ஜிப்பில் ஒன்று சிஆர்சி எரர் (சரிபார்ப்புப் பிழை) காட்டும். போட்டோவின் பாதியில் சாம்பல் பட்டை விழும். ரெண்டர் ஆன ஆயிரம் ஃப்ரேமில் ஒன்றில் மட்டும் ஒரு சதுரம் பச்சையாக இருக்கும்.

சோதிக்க எளிய வழி: ரேமின் அளவைவிடப் பெரிய ஒரு ஃபைலை எடுத்து, விண்டோஸின் செர்ட்யூட்டில் கட்டளையில் அதன் ஹாஷ் எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்) நான்கைந்து முறை எடுங்கள். ஃபைல் அப்படியே இருக்க எண் மட்டும் ஒருமுறை மாறினாலும், அந்த மெஷினில் அதற்கு மேல் எதையும் சேமிக்காதீர்கள். ஃபைல் சின்னதாக இருந்தால் விண்டோஸ் அதை ரேமிலேயே வைத்துக்கொண்டு அதே பதிலைத் திரும்பச் சொல்லிவிடும்.

டிடிஆர்5-இல் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி உள்ளேயே இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, சிப்புக்குள் புரளும் ஒற்றை பிட்டை மட்டும் அது திருத்தும். சிப்பிலிருந்து ப்ராசஸர்வரை ஓடும் கம்பியில் தப்பு நடந்தால் அதற்குத் தெரியாது. வழிநெடுகக் காவல் வேண்டுமானால் உண்மையான ஈசிசி ரேம் வேண்டும். ஏஎம்5-இல் போர்டு ஒத்துழைக்க வேண்டும். இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை டபிள்யூ680 சிப்செட் உள்ள போர்டு வேண்டும்.

லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், டெஸ்க்டாப்பில் ஈசிசி கிடைக்காமல் செய்துவிட்டார்கள் என்று பல காலம் பொருமியவர். 2022 அக்டோபரில் அவருடைய த்ரெட்ரிப்பர் மெஷினிலேயே ப்ரோகிராம்கள் காரணமின்றி விழ ஆரம்பித்தன. புதிதாகச் சேர்த்த கெர்னல் கோடில்தான் கோளாறு என்று தேடிப் போனார். கடைசியில் பார்த்தால் இரண்டரை ஆண்டு ஒழுங்காக ஓடிய ஒரு ஸ்டிக் கெட்டிருந்தது. அதில் ஈசிசி இல்லை. அவருக்கே அந்தக் கதி.

அறிகுறி: எக்ஸ்போ அணைத்தும் பிழை

இப்போதுதான் ரேம் உண்மையிலேயே போயிருக்கலாம். மெம்டெஸ்ட்86-ஐ எடுங்கள். ஒரு ஸ்டிக், ஒரு ஸ்லாட். தாளில் எழுதிக்கொண்டே போங்கள், ஸ்டிக்குகளுக்கு ஸ்கெட்ச் பேனாவால் 1, 2 என்று எண் போடுங்கள். 128 ஜிபியை மொத்தமாக ஓட்டினால் ஓர் இரவு போதாது. ஒற்றை ஸ்டிக் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஸ்டிக் எங்கே போனாலும் பிழை கூடவே போகிறதென்றால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை என்றால் போர்டு அல்லது சாக்கெட் பின். தனித்தனியாக எல்லாம் சுத்தம், சேர்த்தால்தான் பிழை என்றால் கன்ட்ரோலருக்குச் சுமை தாங்கவில்லை. நான்கு ஸ்டிக் கதைக்கு மறுபடி போங்கள். ஸ்டிக்கின் தங்க நிறப் பல் வரிசையை மென்மையான துணியால் ஐசோப்ரொபைல் தொட்டுத் துடைத்துப் பார்க்கலாம். பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் வேண்டாம், முலாம் போய்விடும்.

ஸ்டிக்தான் என்று உறுதியானால் வாரன்டிக்குப் போங்கள். நிறைய ரேம் கம்பெனிகள் ஆயுள்கால வாரன்டி தருகின்றன, பலருக்கு இது தெரியாமல் குப்பையில் போடுகிறார்கள். பிழை வந்த திரையைப் படம் எடுத்து வையுங்கள், எக்ஸ்போ அணைந்த நிலையில் எடுத்த படமாக இருக்கட்டும். கிட்டாக வாங்கியது என்றால் ஒரு ஸ்டிக் கெட்டிருந்தாலும் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே அனுப்பச் சொல்வார்கள். நீங்களும் அப்படியே அனுப்புங்கள், ஒன்றை மட்டும் மாற்றி வாங்கினால் ஜோடி தப்பிவிடும்.

ரேம் திரும்பி வர சில வாரம் ஆகும். வந்ததும் விண்டோஸை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்: நல்ல ரேம் போட்ட பிறகு விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி, டிஐஎஸ்எம் இரண்டையும் ஓட்டுங்கள். கெட்ட ரேமில் அப்டேட் ஆகியிருந்தால் நான் யோசிக்காமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவேன். கோளாறு இருந்த நாட்களில் எழுதிய ப்ராஜெக்ட் ஃபைல்கள், காப்பி போட்ட கேமரா கார்டுகள் எவை என்று தேதிவாரியாகப் பிரித்து எடுங்கள். கார்டு இன்னும் ஃபார்மேட் ஆகாமல் இருந்தால் மறுபடி காப்பி போட்டு, இரண்டு பக்கத்து ஹாஷும் ஒத்துப்போகிறதா பார்த்த பிறகே அதை அழியுங்கள்.